கலஹா பிள்ளைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு டொக்டர்

"மனநலத்துக்கு ஒரு ஆப் செய்யலாமே!"

கொஞ்ச காலமா எந்த இளைஞர் செயலமர்வுக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் எழும்பி இதைச் சொல்றாங்க. உடனே எல்லாரும் தலையாட்டுறாங்க. பிறகு ஸ்லைட் வரும்: ஊதா நிறத்தில் ஒரு லோகோ, சிரிக்கிற முகம் ஒண்ணு, அழுற முகம் ஒண்ணு, "இன்று எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்கிற ஒரு பொத்தான். எனக்கு ஆப் மேல தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. ஆனா கண்டியில உட்கார்ந்து அந்த ஸ்லைடைப் பார்க்கும்போது சில கேள்விகள் தொண்டையில நிக்குது. இது எந்தப் பிள்ளைக்கு? எந்த மொழியில? யாருடைய போனில? அந்தப் பிள்ளை "அழுற முகத்தை" அமுக்கினா, மறுபக்கம் யார் இருக்காங்க?

ஒரு பிள்ளையைக் கற்பனை பண்ணிக்குவோம். கலஹாவுக்கு மேல ஒரு தோட்டம். பதின்மூன்று வயசுப் பெண் பிள்ளை. அம்மா குவைத்தில வீட்டு வேலை. அப்பா தோட்டத்தில. வீட்டில அம்மாயி. சில மாசமா ஸ்கூல் நாட்களில் மட்டும் காலையில வயித்துவலி வருது. இரவில தூக்கம் இல்லை. முன்னெல்லாம் பக்கத்து லயத்துப் பிள்ளைகளோட ஓயாம பேசும், இப்ப யாரோடயும் பேச்சில்லை. முதல்ல டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போறாங்க, பனடோல் கிடைக்குது. பிறகு பூசாரியிடம், "பயந்திருக்கு"ன்னு சொல்லி மந்திரிச்சு நூல் கட்டுறார். (பூசாரியைக் கேலி பண்ண நான் இதைச் சொல்லல. அவர் பக்கத்தில இருக்கார், தமிழ் பேசுறார், காசு அதிகம் கேட்கல, பிள்ளையைப் பற்றி பத்து நிமிஷம் கேட்கிறார். இந்த நாலும் சேர்ந்து வேற எங்க கிடைக்குதுன்னு சொல்லுங்க.) கடைசியா ஒரு டீச்சர் சொல்லித்தான் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போறாங்க.

இங்கதான் விஷயமே ஆரம்பிக்குது. தூரத்தை மட்டும் பார்த்தா, இலங்கையின் பல ஊர்களை விட இந்தப் பிள்ளைக்கு அதிர்ஷ்டம்தான். கலஹாவிலிருந்து வர்ற பஸ் பேராதனைக் கெம்பஸ் நடுவால இறங்கி கலஹா சந்திக்கு வரும். பேராதனையில போதனா வைத்தியசாலை இருக்கு, சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை இருக்கு, மருத்துவ பீடம் இருக்கு. இன்னும் கொஞ்சம் போனா கண்டி தேசிய வைத்தியசாலை. ஒரு மணித்தியாலச் சொச்ச பஸ் பயணத்தில் இவ்வளவும்.

ஆனா கிளினிக் அறையில என்ன நடக்கும்? டொக்டர் நல்லவர், பொறுமைசாலி, பிள்ளைகளோட பழகத் தெரிஞ்சவர்னே வெச்சுக்குவோம். அவருக்கு சிங்களம், ஆங்கிலம். பிள்ளைக்குத் தமிழ். கடையில சாமான் வாங்குற அளவுக்கு சிங்களம் தெரியும், அவ்வளவுதான். அப்பாவுக்கு நல்லா சிங்களம் வரும். அப்ப யார் மொழிபெயர்ப்பாளர்? அப்பா.

இப்ப அந்தப் பிள்ளை சொல்ல வேண்டியது அப்பா குடிச்சிட்டு வர்றதைப் பற்றியா இருந்தா? சித்தப்பாவைப் பற்றியா இருந்தா? ஸ்கூல் வேன்ல வர்ற யாரையோ பற்றியா இருந்தா? பிள்ளை வாயைத் திறக்காது. திறந்தாலும் அப்பா வாயால வெளிய வர்ற வசனம் வேறயா இருக்கும். "வயித்துவலி சேர், ஸ்கூலுக்குப் போகச் சோம்பல்." நெஞ்சுவலிக்கு மொழிபெயர்ப்பாளர் வெச்சு மருந்து எழுதிரலாம். ஈசிஜிக்கு மொழி தேவையில்லை. மனநல சிகிச்சையில பேச்சுதான் ஸ்டெதஸ்கோப், பேச்சுதான் மருந்தில பாதி.

2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி கண்டி மாவட்டத்தில சுமார் 13 லட்சத்து 75 ஆயிரம் பேர். இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள் மூன்றையும் கூட்டினா கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. இதில பெரும்பாலான வீடுகளில பேசுறது தமிழ். 1987ல் வந்த 13வது திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி. சட்டத்தில எல்லாம் சரியா இருக்கு. ஆனா ஒரு பிள்ளை அழுதுகிட்டே பாதி வசனத்தை முழுங்கும்போது அந்த முழுங்கின பாதியையும் புரிஞ்சுக்கிற ஆளை எந்த வர்த்தமானியும் கொண்டுவந்து உட்கார வைக்காது.

பிரச்சினை சின்னது இல்லை. மனநலக் கோளாறுகளில் பாதி 18 வயசுக்குள்ளயே தொடங்கிருதுன்னும், 10 முதல் 19 வயசு வரையுள்ளவங்களில் ஏழில் ஒருத்தருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்குன்னும் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இலங்கையில 2016ல் 13 தொடக்கம் 17 வயசு மாணவர்களிடம் நடத்தின பாடசாலைச் சுகாதார ஆய்வில, முந்தின ஒரு வருஷத்துக்குள்ள உயிரை விடுறதைப் பற்றித் தீவிரமா யோசிச்சதா சுமார் 9 வீதம் பேர் சொல்லியிருந்தாங்க. நாற்பது பேர் வகுப்பில மூணு, நாலு பேர். அது கொவிட்டுக்கு முன்ன, 2022 நெருக்கடிக்கு முன்ன எடுத்த கணக்கு.

அதுக்குப் பிறகு எங்க பிள்ளைகளுக்கு என்னென்ன நடந்தது! 2020 மார்ச்சில ஸ்கூல் மூடினாங்க. படிப்பு வட்ஸ்அப்புக்குப் போச்சு. ஊவாவில போகிட்டியாவ என்கிற கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடி மலை ஏறின படம் உலகம் முழுக்கப் போச்சு. 2022ல் பெற்றோல் இல்லாம மறுபடி ஸ்கூல் மூடினாங்க. நிறைய அம்மாக்கள் வெளிநாடு போனாங்க. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல். கண்டி மாவட்டம் மண்சரிவில மிக மோசமா அடிபட்ட இடங்களில ஒண்ணு. பாதை போச்சு, பல இடங்களில போன் தொடர்பும் போச்சு. அந்த இரவைப் பார்த்த பிள்ளைக்கு இனிமேல் ஒவ்வொரு மழைக்கும் நெஞ்சு படபடக்கும். மலைநாட்டில மழை வருஷத்தில எத்தனை நாள்?

சரி, தொழில்நுட்பம் இதில என்ன செய்யும்? என் கருத்து இதுதான். நம்ம நாட்டில டெலிமெடிசின் பற்றிப் பேசுற எல்லாரும் அதைத் தூரத்தைக் குறைக்கிற சாமானாப் பார்க்கிறாங்க. கொழும்பிலிருக்கிற நிபுணரை கிராமத்துக்குக் கொண்டுவர்றது என்கிற மாதிரி. கண்டி மலைகளில் இருக்கிற தமிழ் பேசுற பிள்ளைக்கு அது பாதித் தீர்வு கூட இல்லை. இங்க வீடியோ கோலின் முதல் வேலை மொழியைச் சேர்க்கிறது. தமிழில மனநலம் பேசத் தெரிஞ்ச ஆட்கள் இந்த நாட்டில இருக்காங்க. ஆனா பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலயும் மட்டக்களப்பிலயும் வவுனியாவிலயும் இருக்காங்க. போர் அந்த ஊர்களை அப்படி ஆக்கிச்சு. பேராசிரியர் தயா சோமசுந்தரம் மாதிரியானவங்க பல வருஷமா செய்த வேலை, யாழ்ப்பாணத்து சாந்திகம் மாதிரியான இடங்கள், இதெல்லாம் சேர்ந்து தமிழில உளநலம் பேசுறதுக்கு ஒரு பாஷையையே உருவாக்கி வெச்சிருக்கு. "உளவளத்துணை" என்கிற சொல்லே எங்க பக்கத்தை விட அங்க அதிகம் புழங்குது. அந்த அறிவு ஏ9 வீதியில இறங்கி மாத்தளை தாண்டி இங்க வர்றதில்லை. பஸ்ஸில அனுப்பத் தேவையில்லை. ஒரு ஸ்கிரீன் போதும்.

இது நடக்கும் என்கிறதுக்கு பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் ஒரு உதாரணம் இருக்கு. சென்னையில ஸ்கார்ஃப் என்று ஒரு அமைப்பு, 1984ல் டொக்டர் சாரதா மேனன் தொடங்கினது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அவரைச் சொல்வாங்க. அவங்க 2010ல் புதுக்கோட்டை மாவட்டத்தில ஒரு பஸ்ஸை இறக்கினாங்க. பஸ்ஸுக்குள்ள ஒரு பக்கம் ஆலோசனை அறை, ஒரு பெரிய டிவி. இன்னொரு பக்கம் மருந்தகம். மனநல மருத்துவர் சென்னையில இருந்தபடியே டிவியில வருவார். கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் தூரம். அவர் எழுதுற மருந்தை அதே பஸ்ஸில குடுப்பாங்க. ஊர்ச் சனத்துக்கு மனநலம் பற்றி படமும் போட்டுக் காட்டுவாங்க.

பத்திரிகைக்காரங்க பஸ்ஸைத்தான் படம் பிடிச்சாங்க. ஆனா அந்தத் திட்டத்தின் உயிர் வேற இடத்தில இருந்தது. அதே ஊர்ப் பக்கத்து ஆட்களை எடுத்துப் பயிற்சி குடுத்து சமூகப் பணியாளரா வெச்சிருந்தாங்க. யாருக்கு உதவி வேணும்னு கண்டுபிடிக்கிறது அவங்க. பஸ் வர்ற நாள் கூட்டி வர்றது அவங்க. போன தடவை வந்தவர் இந்தத் தடவை வரலைன்னா வீட்டுக்குப் போய் ஏன்னு கேட்கிறதும் அவங்க. டிவி இல்லாட்டியும் அந்த ஆட்களால ஏதாவது செய்ய முடியும். அந்த ஆட்கள் இல்லாட்டி டிவி சும்மா ஒரு டிவி.

இன்னொரு உதாரணம், இந்தியாவின் டெலி மானஸ். 2022 ஒக்டோபர் 10ல் தொடங்கினாங்க, 14416 என்கிற இலக்கம், தமிழ் உட்பட 20 மொழி. முதல்ல பயிற்சி பெற்ற ஆலோசகர் எடுப்பார், அவரால முடியாததை நிபுணருக்கு மாற்றுவார். மாநிலத்துக்கு மாநிலம் மையம் வெச்சதால தமிழ்நாட்டுக்காரர் எடுத்தா தமிழ்தான் முதல் மொழி. "தமிழுக்கு இலக்கம் இரண்டை அழுத்தவும்" என்பதுக்குப் பிறகு வெறும் இசை கேட்கிற அனுபவம் நம்மில் பலருக்கும் ஏதோ ஒரு அலுவலகத்தில கிடைச்சிருக்கும், அதால இந்த வித்தியாசம் விளங்கும்.

நம்மிடமும் இலக்கங்கள் இருக்கு, அதை மறைச்சு எழுதக்கூடாது. 1926 தேசிய மனநல நிறுவனத்துடையது, 24 மணித்தியாலமும் இயங்குறது. 1929 தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் சிறுவர் உதவி இலக்கம். 1333 இன்னொரு இலவச ஆலோசனை இலக்கம். சுமித்ரயோ 1974லிருந்து வேலை செய்யுது. இதை வாசிக்கிற உங்களுக்கோ, உங்க தம்பி தங்கச்சிக்கோ இப்பவே பேச வேண்டியிருந்தா, கட்டுரையை இங்க நிறுத்திட்டு 1926க்கு எடுங்க. மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

ஆனா ஒரு போன் இலக்கம் பிள்ளைக்குப் பயன்பட இரண்டு சாமான் வேணும்: ஒரு போன், ஒரு தனிமை. லயத்தில ஒரு காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி என்பாங்க. நடுச்சுவர் பல இடங்களில கூரை வரைக்கும் போகாது. நீங்க இருமினா மூணாவது வீட்டில "என்னா தடிமனா?"ன்னு கேட்பாங்க. போன் அப்பாவுடையது. குவைத்திலிருந்து அம்மா கோல் எடுக்கிற நேரம் அது வீட்டுக்கே சொந்தம். இந்த நிலைமையில ஒரு பிள்ளை எங்க நின்று, யாருக்கும் கேட்காம, "எனக்கு வாழவே பிடிக்கல"ன்னு சொல்லும்? கண்டி நகரத்தில மூணு மாடி வீட்டில இருக்கிற முஸ்லிம் பிள்ளைக்கும், கட்டுகஸ்தோட்டையில வாடகை வீட்டில இருக்கிற தமிழ் பிள்ளைக்கும் இதே பிரச்சினை வேற வடிவத்தில இருக்கு. நம்ம வீடுகளில கதவை மூடுறதே குற்றம். "உள்ள என்ன பண்ற?"

இதுக்குத்தான் எழுத்து. இங்கிலாந்தில சைல்ட்லைன் 1986ல் போன் சேவையாத் தொடங்கினது. இன்றைக்கு அங்க பிள்ளைகள் ஆலோசனை கேட்கிறது பெரும்பாலும் ஒன்லைன்ல, எழுதித்தான். எழுதுறதுக்குச் சத்தம் கிடையாது. பக்கத்தில அம்மாயி படுத்திருக்கும்போதே எழுதலாம். அழுகை வந்தா நிறுத்திட்டுப் பிறகு எழுதலாம். பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவுக்கு இது குரலை விடப் பொருத்தம்.

எழுத்திலயும் ஒரு சின்னச் சிக்கல் இருக்கு, அதை சொஃப்ட்வெயார் செய்ற நண்பர்கள் கவனிக்கணும். நம்ம பிள்ளைகள் போனில தமிழை ஆங்கில எழுத்தில அடிக்கிறாங்க. நடுவில ரெண்டு சிங்களச் சொல், ஒரு ஆங்கிலச் சொல், மூணு ஈமோஜி. எழுத்துப்பிழை சொல்லி மாளாது. "பயமா இருக்கு" என்பதை ஆறு விதமா அடிப்பாங்க. ஒரு மனுஷன் வாசிச்சா ஒரு செக்கனில விளங்கும். சுத்தத் தமிழுக்குப் பழக்கின மெஷினுக்கு விளங்காது. கண்டிக்காரங்களுக்கு இது வெறும் தொழில்நுட்ப விஷயம் இல்லை. 2018 மார்ச்சில திகனையில என்ன நடந்ததுன்னு நமக்குத் தெரியும். பேஸ்புக்கில பரவின வெறுப்பு வீடுகளையும் கடைகளையும் எரிக்கிறதுக்கு உதவிச்சு. அந்த நிறுவனம் 2020ல் அதுக்கு மன்னிப்பும் கேட்டிச்சு. நம்ம மொழிகளை வாசிக்கத் தெரியாத தொழில்நுட்பம் நம்ம ஊருக்கு வந்தா யார் விலை குடுக்கிறதுன்னு ஒரு தடவை பார்த்திட்டோம்.

அதால, செட்பொட் விஷயத்தில நான் கொஞ்சம் கடுமையாவே இருக்கேன். "மனுஷ ஆலோசகர் குறைவு, பொட் எத்தனை பேரோடயும் பேசும், களைக்காது" என்று சொல்றாங்க. 2023ல் அமெரிக்காவில உணவுக் கோளாறு உள்ளவங்களுக்கான ஒரு பெரிய அமைப்பு, மனுஷர்கள் நடத்தின உதவி இலக்கத்தை மூட முடிவெடுத்தது. அவங்களிடம் டெஸ்ஸா என்று ஒரு செட்பொட் இருந்தது. அது சாப்பாட்டைக் குறைச்சு எடையைக் குறைக்க வழி சொல்லத் தொடங்கிச்சு. சாப்பிடாம சாகிற நோய் உள்ளவங்களுக்கு! உடனே நிறுத்தினாங்க. அது ஆங்கிலத்தில, நிறையப் பேர் கண்காணிக்கிற நாட்டில நடந்தது. ஆங்கில எழுத்தில தமிழ் அடிக்கிற தெல்தோட்டைப் பிள்ளைக்கு ஒரு பொட் தப்பாச் சொன்னா அதைக் கண்டுபிடிக்கப் போறது யார்? பெரியவங்களுக்கு, தாங்களே விரும்பி, தூக்கப் பழக்கம் மாதிரி சின்ன விஷயத்துக்குப் பாவிக்கிறது வேற. பதின்மூன்று வயசுப் பிள்ளை எடுக்கிற முதல் அடிக்கு மறுபக்கம் மனுஷர் இருக்கணும்.

தரவு விஷயமும் இப்படித்தான். கிரைசிஸ் டெக்ஸ்ட் லைன் என்கிற அமெரிக்க சேவை, நெருக்கடியில எழுதினவங்களுடைய உரையாடல்களை, பெயரை எடுத்திட்டு, லாபத்துக்கு நடத்துற துணை நிறுவனத்தோட பகிர்ந்திச்சு. 2022 ஜனவரியில அது வெளிய வந்ததும் நிறுத்தினாங்க. நம்ம நாட்டில 2022ம் ஆண்டின் 9ம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. உடல்நலத் தரவையும் பிள்ளைகளின் தரவையும் அது விசேட வகையா வெச்சிருக்கு. ஆனா தோட்டத்தில தரவு கசியுறது சேர்வரால இல்லை. "அந்தப் புள்ளைய மெண்டல் டொக்டர்கிட்ட காட்டுனாங்களாம்" என்று பீலியடியில கசியும். பிறகு "அங்கொடைக்கு அனுப்பணும்" என்கிற பகிடி. அங்கொடையில ஆஸ்பத்திரியின் பெயர் எப்பவோ மாறிருச்சு. பகிடி மாறல. ஒரு பெண் பிள்ளைக்கு இந்தப் பேச்சு கல்யாணம் வரைக்கும் பின்னால வரும்.

அதனாலதான் புதுக்கோட்டை பஸ்ஸை அப்படியே இங்க கொண்டுவரணும்னு நான் சொல்லல. நம்ம மலைப்பாதையில பெரிய பஸ்ஸைத் திருப்புறதே பாடு. அது வந்து நின்றா யார் ஏறுறாங்க, யார் இறங்குறாங்கன்னு முழுத் தோட்டமும் பார்க்கும். எனக்குத் தோணுறது வேற. பிரதேச வைத்தியசாலையில ஏற்கெனவே ஒரு ஓபிடி இருக்கு. காய்ச்சலுக்கும் வர்றாங்க, சொறி சிரங்குக்கும் வர்றாங்க. அங்க ஒரு சின்ன அறை. கதவு மூடுற மாதிரி. ஒரு கணினி, ஒரு கெமரா, காதில போடுற ஹெட்செட். ஸ்பீக்கர் கூடாது, இதை எழுதியே வைக்கணும். வாரத்தில ஒரு நாள், யாழ்ப்பாணத்திலயோ மட்டக்களப்பிலயோ இருந்து தமிழ் பேசுற நிபுணர் அல்லது உளவளத்துணையாளர் வருவார், ஸ்கிரீனில. பிள்ளைக்குப் பக்கத்து அறையில ஒரு நேர்ஸ். மருந்து வேணும்னா, உடம்பைச் சோதிக்கணும்னா, பேராதனைக்கோ கண்டிக்கோ தொடர்பு. அங்கிருக்கிற டொக்டரும் அந்த நிபுணரும் பேசிக்கணும். சிங்கள டொக்டரைத் தள்ளி வைக்கிற திட்டம் இல்லை இது. மொழி தெரியாததால அவர் கையில கிடைக்காம போற தகவலை அவர் கைக்குக் கொண்டுபோற திட்டம்.

காசுக் கணக்கும் பாருங்க. பேச்சு சிகிச்சை என்றா ஒரு தடவையோட முடியாது, வாரா வாரம் போகணும். ஒவ்வொரு தடவை டவுனுக்கு வரும்போதும் அப்பாவுக்கு ஒரு பேர் போச்சு. 2024ல் வர்த்தமானியில வந்த அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபா. அதோட ரெண்டு பேருக்கு பஸ் காசு, சாப்பாடு. மூணாவது வாரம் வர மாட்டாங்க. கிளினிக் பதிவில "வரவில்லை"ன்னு எழுதுவாங்க. அக்கறை இல்லாத பெற்றோர் என்று அதுக்கு அர்த்தம் எடுத்திருவாங்க.

யாழ்ப்பாணத் தமிழ் மலையகப் பிள்ளைக்கு விளங்குமா என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி, முழுசா இல்லைன்னு சொல்ல மாட்டேன். அவர் "என்ன செய்யுது பிள்ளை, பயமாக் கிடக்கோ?" என்பார். நம்ம பிள்ளை "ஒரு மாதிரியா இருக்கு, மனசு சரியில்ல" என்னும். முதல் பத்து நிமிஷம் ரெண்டு பேருக்கும் கொஞ்சம் விசித்திரமா இருக்கும். அது தவிர ஒரு பழைய இடைவெளியும் இருக்கு. வடக்கிலிருந்து மலையகத்தைப் பார்த்த பார்வை எப்பவும் சமமான பார்வையா இருந்ததில்லை. அதனால இந்த வேலைக்கு வர்றவங்களுக்கு தோட்ட வாழ்க்கை பற்றி ஒரு பயிற்சி கட்டாயம் குடுக்கணும். அரைப் பேர் என்றா என்ன, பிள்ளைக் காம்பரா என்றா என்ன, அம்மா வெளிநாட்டில இருக்கிற வீட்டில யார் தீர்மானம் எடுக்கிறாங்க. இதெல்லாம் தெரியாம "குடும்பத்தோடு மனம் விட்டுப் பேசுங்கள்" என்று ஆலோசனை சொன்னா பிள்ளை அடுத்த வாரம் வராது. ஆனா பேச்சுவழக்கு வித்தியாசம் பத்து நிமிஷத்தில கடக்கிற சங்கதி. தெரியாத மொழியை அப்படிக் கடக்க முடியாது.

புதுக்கோட்டையில ஊர்ப் பணியாளர் செய்த வேலையை இங்க யார் செய்றது? புது ஆட்களைத் தேடி அலையத் தேவையில்லை. ஸ்கூலில வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர் இருக்கணும் என்பது ஏற்பாடு. பல ஸ்கூலில அந்த ஆசிரியரே கணிதமும் படிப்பிச்சு, விளையாட்டுப் போட்டியும் நடத்துறார். அவருக்கு வாரத்தில நாலு பாடவேளை விடுதலை குடுத்தா அதுவே பெரிய தொழில்நுட்பம். தோட்டங்களில பிள்ளைக் காம்பராவை நடத்துற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்காங்க, குடும்ப நல உத்தியோகத்தர் வீடு வீடாப் போறாங்க. எந்தப் பிள்ளை மாறிப் போயிருக்குன்னு அவங்களுக்கு எல்லாருக்கும் முன்ன தெரியும். யாரிடம் சொல்றதுன்னுதான் தெரியாது. அவங்க போனில ஒரு இலக்கம், அதுக்கு எழுதினா அன்றைக்கே தமிழில பதில் சொல்ல ஒரு ஆள். ஆப் செய்யத் துடிக்கிற நண்பர்களே, செய்றதுன்னா இவங்களுக்குச் செய்யுங்க: நாள் குறிக்க, வராதவரை நினைவூட்ட, சிக்னல் இல்லாட்டியும் எழுதி வெச்சுப் பிறகு அனுப்ப. பார்க்க அழகா இருக்காது, பரிசும் கிடைக்காது. ஆனா மூணாவது வாரம் வராத பிள்ளையை அது தவறவிடாது.

நம்ம மாதிரி ஆட்கள் இதில செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கு, அதுக்குக் காசோ அனுமதியோ தேவையில்லை. கண்டி மாவட்டத்துப் பிரதேச வைத்தியசாலைகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொண்ணிலயும் கதவு மூடுற ஒரு அறை இருக்கா, அந்த அறைக்குள்ள எத்தனை கோடு சிக்னல் வருது, தமிழ் பேசுற நேர்ஸ் எந்த நாட்களில இருக்காங்க என்று பார்த்து எழுதுறது. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, மடுல்கலை, ரங்கலை, ஹுன்னஸ்கிரியப் பக்கம். ஒரு சனிக்கிழமைக்கு ரெண்டு ஊர் பார்க்கலாம். சிக்னலை அளக்கிறவங்க மழை நாளிலயும் ஒரு தடவை அளங்க.